கழுதை, யானை, கொசு

சத்தத்தை அடைக்கிற கடை அது.
அஷ்டபூலாவில், ரயில் பாலத்துக்குக் கீழே,
லூ டிஃபிலிப்போவின் சைலன்சர் கடை.
செவ்வாய் ராத்திரிகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எண்ணெய்ப் பீப்பாயின் தலையில் ரெக்கார்ட் பிளேயரை ஏற்றி
அங்கேதான் நாங்கள்
சத்தத்தை அவிழ்த்துவிடுவோம்.

லூ, கழுதைக் கட்சி. அப்பா காலத்திலிருந்து.
வெர்ன் ஹக்கினென், யானை. யார் காலத்திலிருந்தும் இல்லை,
வரி நோட்டீஸ் வந்த நாளிலிருந்து.
எழுபதுகளின் கிதார் என்றால் மட்டும்
இருவரும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பார்கள்.

மூன்று இலையுதிர்காலம் முன்பு
லூவின் வேட்பாளருடைய தலைமுடியைப் பற்றி
வெர்ன் ஏதோ சொன்னான்.
ஸ்பானர் பறந்தது.
வெர்ன் குனிந்தான், ரெக்கார்ட் குனியவில்லை.
மேடையில் பதிவான இரட்டை ஆல்பத்தில்
இரண்டாம் தட்டு மூன்று துண்டு.
செனட் போனால் மறுபடி வரும்,
அந்த டிரம்ஸுக்கு எங்கே போவது?

அன்றைக்கு எழுதினோம் சட்டத்தை,
பிரேக் ஷூ அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில்:
உன் கட்சியை நீ மட்டுமே நக்கலடிக்கலாம்.
சிரிப்பு வந்தால் அடுத்த ரெக்கார்ட் உன்னுடையது.

சிரிப்புக்குத் தேர்தல் அதிகாரி நான்.
என் இடது காது எழுபத்து மூன்றில்
கிளீவ்லாந்து அரங்கத்து ஒலிபெருக்கி ஒன்றிடம்
டெபாசிட் இழந்தது.
இடதுபக்கம் கேட்காதவன் நடுநிலையா என்று
லூ மூன்று வாரம் முறையிட்டான்.
நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

முதல் செவ்வாய், ஹீட்டர் மட்டும் பேசியது.
அடுத்தவன் வீட்டுக் கூரையில் கல்லெறிந்தே பழகிய கை,
தன் வீட்டு ஓட்டை எண்ணத் தடுமாறுகிறது.

பிறகு வெர்ன், தொண்டையைச் செருமி:
"எங்க ஆளு மனசாட்சிக்கு விரோதமா நடந்ததே இல்லை.
அது வேற மாவட்டத்துல குடியிருக்கு."
லூ சிரிக்கக் கூடாது என்று
ஒரு நட்டை வாயில் கடித்துக்கொண்டான்.
நட்டு விழுந்தது. ஊசி இறங்கியது.
பதினோரு நிமிட கிதார்.

லூ: "எங்க கட்சியில நாலு பேர் சேர்ந்தா அஞ்சு கமிட்டி.
அஞ்சாவது, கமிட்டியைக் குறைக்கிறதுக்கு."
யானை தும்பிக்கை வரைக்கும் குலுங்கியது.

டார்லீன் பகோஸ்கி மட்டும் எதுவும் சொல்வதில்லை.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எந்தக் கட்சியும் இல்லை,
ஆகவே நக்கலுக்கும் ஆள் இல்லை.
ஒவ்வொரு செவ்வாயும் மளிகைக்கடைப் பையில்
சதுரமாக ஏதோ கொண்டுவருவாள்.
மடியிலேயே இருக்கும். திரும்பிப் போகும்.
மூன்று வருஷம்.

போன வாரம், ஏரியிலிருந்து பனி புரண்டு
ஷட்டருக்கு அடியில் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தபோது
கையுறையைக் கழற்றாமல் சொன்னாள்:

"தொண்ணூற்றெட்டுல நானும் நின்னேன்.
கொசு ஒழிப்பு வாரியம்.
ஒரே ஓட்டுல தோத்தேன்."

"அடப்பாவமே. நீ யாருக்குப் போட்டே?"

"போடவே போகலை.
அரசியல்வாதிங்களை எப்படி நம்புறது?"

என் தீர்ப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை.
லூ பீப்பாயைப் பிடித்துக்கொண்டான்.
வெர்னின் கண்ணாடி பனியில்லாமலே மங்கிவிட்டது.
அவள் பையைப் பிரித்தாள்.

அதே உறை. அதே இரட்டை ஆல்பம்.
முதல் தட்டை உறையிலேயே விட்டுவிட்டு
இரண்டாவதை மட்டும் எடுத்தாள்,
ஓரங்களில் விரல் வைத்து,
கிளம்பப்போகும் பேருந்தில் குழந்தையை ஏற்றுகிற மாதிரி.

லூ ஸ்பானரைத் தேடினான். எடுத்தான்.
மெதுவாக எட்டாத அலமாரியில் வைத்தான்.

டிரம்ஸ் வந்தபோது நானும்
செத்த காதைத்தான் அந்தப் பக்கம் திருப்பியிருந்தேன்.
பீப்பாய் அதிர்ந்தது, அது போதும், முழங்காலில் கேட்டேன்.

முடிந்ததும் வெர்ன் எழுந்து
மறு எண்ணிக்கை வேண்டும் என்றான்.
டார்லீன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.
இந்த முறை இரண்டு ஓட்டில் தோற்றாள்:
"வீட்டுக்காரரும் போகலையாம்.
நேத்துதான் ஒத்துக்கிட்டார்."

தட்டைத் திருப்பிப் போட்டோம்.