ரசீது

காட்பாடி ரயில்வே பாலத்துக்கு இந்தப் பக்கம்
கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பவன் நான்.
ஆறுக்கு நாலு, அறுநூறு ரூபாய்,
கட்டை தனி.

லத்தேரி துலுக்காணம் செத்த அன்று
மருமகன் ஒரு ஜவுளிக்கடைப் பையில்
இருபத்தேழு படம் கொண்டுவந்தான்.
ஒன்றில்கூட முகம் நேராக இல்லை.
கன்னம் ஒரு பக்கம் திரும்பி,
கண் மேலே செருகி,
உதடு இன்னும் அறை வாங்கிக்கொண்டிருந்தது.
ஆதார் அட்டையிலும் அப்படித்தான்.
'ஆபீசர் சிரிச்சிட்டாரு, அதையே எடுத்துட்டாரு'
என்றான்.

'தோற்றம்' என்று போட்டுத் தேதி கேட்டேன்.
யாருக்கும் தெரியவில்லை.
தோற்றம்: பதினோரு படம்.
மொத்தம் ஒன்பது நிமிடம்.
பதினொன்றிலும் யாரோ அவரை அறைவார்கள்.
அறைந்தவன் நிமிர்வதற்குள்
உள்ளங்கையை நீட்டுவார்:
'ரசீது குடு.'

பிறகு ஊர் முழுக்க அதே பேச்சு.
டயர் பஞ்சரானால் ஆணியிடம்,
மாமியார் திட்டினால் மாமியாரிடம்,
கே.வி.குப்பம் கங்கையம்மன் திருவிழாவில்
ஆர்கெஸ்ட்ரா இரண்டு பாட்டுக்கு நடுவே
அவர் மேடையேறினால்
ஆயிரம் கை நீண்டது அவரை நோக்கி.
நானும் நீட்டியிருக்கிறேன்,
அப்பா தோளில் உட்கார்ந்து.

ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில்
பி.எஃப். பணம் கேட்டு உட்கார்ந்த பெண்கள்
அட்டையில் எழுதிப் பிடித்ததும் அந்த இரண்டு வார்த்தைதான்.
அட்டை நான் அடித்தது.
அவரும் வந்தார், வெயிலில் ஓரமாய் நின்றார்.
ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.
டீ வாங்கிக் கொடுத்துவிட்டு
ஏழரை பஸ்ஸில் போனார்.

மறுநாள் பேனருக்குக் காசு கொடுக்க
பவுனம்மா வந்தாள்.
ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
'அது சினிமாக்காரன் எழுதிக் குட்த்ததுன்னு
எல்லாம் சொல்லுதுங்க.
ராணிப்பேட்டை தோல் ஷாப்புல
சுண்ணாம்புத் தொட்டியாண்ட நின்னுங்கினு
வாரக்கூலி கேட்டாரு.
மேஸ்திரி அறைஞ்சான்.
காதுல ரத்தம்.
அப்ப கேட்டாரு, நெசமாவே கேட்டாரு.
கூட இருந்தவங்க சிரிச்சாங்க.
சரி, சிரிக்கிறாங்களேன்னு
அதையே புடிச்சிக்கினாரு.'

அந்தக் காது கடைசிவரை கேட்கவில்லையாம்.
அதனால்தான் கைதட்டல் வரும் பக்கம்
தலையைச் சாய்த்துச் சாய்த்து நிற்பார்.
நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

ஆறு நூறு ரூபாய்த் தாள்.
எண்ணி வைத்தாள்.
போகவில்லை.
உள்ளங்கையை நீட்டினாள்.

சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.
அவள் முகம் நேராக இருந்தது.

என்னிடம் ரசீதுப் புத்தகம் கிடையாது,
இந்தத் தொழிலில் எவனும் கேட்டதில்லை.
பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்
பெற்றுக்கொண்டேன் என்று எழுதிவிட்டு
எதற்காக என்ற இடத்தில்
பேனா நின்றது.

'எழுதுப்பா,
பஸ்ஸுக்கு நேரமாவுது.'