நாலு மணி பத்து நிமிடம்

பெரியபட்டினத்துக்கு மேற்கே, உடைமரங்களுக்கு நடுவில்
இரும்புக் கோபுரம் இன்னும் மூன்று நாள் நிற்கும்.
வாயு தீர்ந்த கிணறு. மூட வந்திருக்கிறோம்.

என் வேலை கலவை.
சிமெண்ட், தண்ணீர், அதற்குள்
சோம்பலை அளந்து போடுவது.
ஆயிரத்துக்கு மூன்று பங்கு, சூடு கூடினால் நான்கு.
காகித ஆலைக்காரன் வேண்டாமென்று ஒதுக்கிய மரச்சாற்றின் பொடி,
பழுப்பு நிறம், மூக்கில் ஏறினால் தும்மல்.
அதுதான் சிமெண்டின் காதில்
இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறு
என்று சொல்லும்.

கொத்தனார் நம்புராசன், வேலி போட வந்தவர், கேட்டார்:
"சீக்கிரம் இறுகுறதுக்குத்தானே ஊரெல்லாம் காசு குடுக்குது?"
கீழே இரண்டாயிரத்து நூறு மீட்டர், அண்ணே.
பாறை அங்கே காய்ந்த தோசைக்கல்.
அவசரக்காரச் சிமெண்ட் பாதிக் குழாயிலேயே கல்லாகிவிடும்.
குழாய் போச்சு, கிணறு போச்சு,
அப்புறம் நானும் போச்சு.

ஆய்வகத்தில், எஃகுக் குவளைக்குள்,
அதே சூட்டில் அதே அழுத்தத்தில் சுற்றவிட்டுப் பார்த்திருந்தேன்.
வரைகோடு வெகுநேரம் படுத்தே கிடந்தது
காயல் தண்ணீர் மாதிரி.
நாலு மணி பத்தாவது நிமிடத்தில்
விறைத்து எழுந்து நின்றது.
கையெழுத்துப் போட்டேன்: சே. ரெக்சலின்.

ராத்திரி ஒன்றேகாலுக்கு,
பாதி உள்ளே போயிருந்தபோது,
பம்பு நின்றது.

அதுவரை கேட்காத கடல் அப்போதுதான் கேட்டது.
கச்சான் காற்று தார்ப்பாயைப் பிடித்து உலுக்கிற்று.
மெக்கானிக் அல்லாபிச்சை சட்டையைக் கழற்றி
பம்புக்கு அடியில் நுழைந்தார்.
எல்லாரும் அவருடைய கால்களைப் பார்த்தார்கள்.
பிறகு என்னைப் பார்த்தார்கள்.
கலந்தது பதினொன்றே முக்காலுக்கு.
ஒன்றரை மணி செலவு.
மீதி இரண்டு மணி நாற்பது நிமிடம்.

தொட்டியில் கிடக்கிற கலவை வேறு.
மேலே சூடில்லை, உடனே இறுகாது என்று சொல்லலாம்.
ஒருமுறை உளி எடுத்துத் தொட்டியைக் கொத்தியவர்கள்
அப்படிச் சொல்ல மாட்டார்கள்.
இதற்கென்றே ஒரு மூட்டை சீனி வைத்திருப்போம்.
சிமெண்டுக்கு இனிப்பு ஆகாது,
சேர்ந்தால் இறுகவே மறந்துவிடும்.
தேடிப் போனால் சாக்கு மட்டும் மடித்து வைத்திருந்தது.
பதினாறு ராத்திரி ஷிப்ட், ஆளுக்கு மூன்று டீ.
நானும் குடித்தவள்தான்,
அரைச் சீனி என்றாலும்.

ஜீப்பில் போன சகுபர்
யார் கதவையோ தட்டி எழுப்பிக் கொண்டுவந்தது
ஓலைக் கொட்டானில் கருப்பட்டி.
சம்மட்டியால் உடைத்தோம், வாளியில் கரைத்தோம், ஊற்றினோம்.
டீசல் வாடைக்குள் பனங்காடு எழுந்து நடந்தது.
விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் கிடையாது.
அறிக்கையில் சீனி என்றே எழுதினேன்.

இரண்டு ஐம்பதுக்கு பம்பு இருமியது.
இன்னொரு முறை இருமியது, பிறகு மூச்சு வந்தது.
குழாய்க்குள் இருந்தது இன்னும் கூழாகவே இருந்தது,
ஒரு மணிக்கு மேல் கைவசம் வைத்துக்கொண்டு.
போக வேண்டிய ஆழத்துக்குப் போனது.
அங்கே போய்த்தான் உட்கார்ந்தது.

அப்புறம் வேலை ஒன்றுமில்லை.
எங்கள் படிவத்தில் காத்திருப்புக்கும் ஒரு கட்டம் உண்டு,
மணிக்கணக்கும் சம்பளமும் உண்டு.
நான் தூங்கினேன். அல்லாபிச்சை தூங்கினார், எண்ணெய்க் கையோடு.

மறுநாள் எடையை இறக்கி அழுத்திப் பார்த்தோம். நகரவில்லை.

நிலத்துக்காரி முத்துராக்கு வேலியோரம் நின்று கேட்டாள்:
"இது எத்தனை வருசத்துக்குத் தாங்கும்?"
என்றைக்கும் என்று சொல்லத்தான் எனக்குப் பயிற்சி.
நான் பார்த்தது
நாலு மணி பத்து நிமிடம்.
"இறுகிடுச்சு" என்றேன்.
அவள் குதிகாலால் மண்ணைத் தட்டினாள்.
"அப்ப மேல மிளகா போடலாமா?"

பதில் யோசிக்கிறவள் போல அந்தப் பக்கம் திரும்பினேன்.
தொட்டிச் சுவரில் எறும்புச் சாரை,
கீழிருந்து விளிம்பு வரை.
உள்ளே அந்தக் கலவை
இன்னும் தளதளவென்று கிடந்தது.