முதல் வெட்டு

நாயாற்றுப் பாலத்துக் கம்பியில்
மீன் தராசைக் கொளுவி
இரண்டு றீலையும் இழுத்துப் பார்த்தோம்.

எமில்ராசின்ர றீலுக்கு மூக்கில் திருகு,
உள்ளே கரித்தகடு.
ரொறன்ரோ மச்சான் அனுப்பினது.
முள் ஒன்றரைக் கிலோவில் நிற்க
தங்கூசி வந்துகொண்டே இருந்தது,
சத்தமில்லாமல்.

என்னுடையது புதுக்குடியிருப்பில் வாங்கினது.
திருகு பின்பக்கம். உள்ளே கம்பளி வாசர்,
போன மாரியில் உப்புத்தண்ணி குடித்தது.
இரண்டு கிலோ மட்டும் அசையாது.
பிறகு ஒரு வெட்டு வெட்டி
ஒரு கிலோவில் ஓடும்.

"அந்த முதல் வெட்டிலதான்ரா அறும்."

தெரியும்.
ஓட்டோவுக்குப் பிறேக் போடுறவன் நான்.
ஆனால் பிறேக் நிற்பாட்ட;
இது விட.
எவ்வளவு விடலாம் என்ற கணக்கு
எனக்கு ஒருநாளும் வந்ததில்லை,
கடன் கொடுத்த காசிலும்
நிரோஜாவோடு கதைக்கிற கதையிலும்.

பொழுதுபட, முகத்துவாரப் பக்கம்
ஒரு கொடுவா
என்ர தூண்டிலைத்தான் எடுத்தது.
திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு
சுழல்கிற விளிம்பில் உள்ளங்கையை வைத்தேன்.
அது இழுக்க விட்டேன்.
அது யோசிக்க அழுத்தினேன்.
தோல் தீய்ந்த மணம்
எனக்குத்தான் வந்தது.

நாலு கிலோ இருநூறு.
எமில்ராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான்,
தராசு பொய் சொல்லுது என்றான்,
தன்ர றீலைக் கொளுவி
இன்னொருக்கால் இழுத்துப் பார்த்தான்.

என்றாலும் கரித்தகடுதான் திறம்.
மூன்று நாளாய்
ஒரு சில்லும் கழற்றேலாமல்
கடையில்
சும்மா இருக்கிறன்.