முழக்கத்துக்கு ஒரு துண்டு ஈரல்

வால்பரைசோவின் சரிவுகளில்
நெருப்பு வீடு வீடாய் ஏறிவந்த ஆண்டு,
கருகிய தகரத்தடியில் கிடைத்தான்.
தீசோன் என்று பெயர் வைத்தேன்.
எங்கள் பேச்சில் அது கொள்ளிக்கட்டை.
ஒரு காது மடிந்தே இருக்கும்.
மற்றது தூக்கத்திலும்
எதையோ ஒட்டுக் கேட்கும்.

நான் பேருந்து ஓட்டுகிறவள்.
பகலெல்லாம் பிரேக்கின் கிரீச்சு,
மேட்டில் முக்கும் எஞ்சின்,
சில்லறைக்குச் சண்டை.
வீடு திரும்பினால்
எந்தச் சத்தமும் எனக்குச் சத்தமில்லை.
அவனுக்கோ
கரண்டி விழுந்தால் கூரையே விழும்.

புத்தாண்டு இரவில்
விரிகுடா நெடுக வாணம் விடுவார்கள்.
ஊரே பால்கனியில் அண்ணாந்து நிற்கும்.
போன முறை அவன்
குளியலறைக் கதவின் கீழ்ப்பாதியை
நகத்தால் உரித்துவிட்டான்.
மரச்சீவல். நடுவே ரத்தம்.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன்
கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.
ஒன்றுமில்லாததற்கா
ஒரு உடம்பு அப்படி நடுங்கும்?

மருத்துவர் யஸ்னா
பாதங்களுக்குக் கட்டுப் போட்டபடி சொன்னார்:
"அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள்.
வெடி முதலில், ஈரல் பிறகு.
வரிசை மாறக் கூடாது, நோல்ஃபா.
ஈரல் முந்தினால்
ஈரலுக்கும் பயப்படுவான்."

தொலைபேசியில் வெடியோசைப் பதிவு.
முதல் வாரம்
எறும்பு தும்மும் அளவு.
டும். ஒரு துண்டு.
டும். ஒரு துண்டு.
நீலக் கம்பளத்தில் அவன்,
எதிரே தரையில் நான்,
நடுவில் கிண்ணம்.
காது பின்னுக்குப் போனால் நிறுத்திவிட வேண்டும்.
அன்றைக்கு அவ்வளவுதான்.

மூலிகையையும் விட்டுவைக்கவில்லை.
சந்தையில் தொரொன்ஹில் ஒரு கட்டு,
கசக்கினால் எலுமிச்சை மணக்கும் இலை.
யஸ்னாவைக் கேட்டு, ஆறவைத்து,
இரண்டு கரண்டி அவன் கஞ்சியில் விட்டேன்.
முகர்ந்து பார்த்தான்.
கிண்ணத்தைக் காலால் தள்ளிவிட்டான்.
லாவெண்டர் தேய்த்த துணிக்கு
ஒன்பது தும்மல்.
மிச்சக் கஷாயத்தை இரவில் நானே குடித்தேன்.
பல வருடத்துக்குப் பிறகு
விடியும்வரை தூங்கினேன் என்பதை
யாரிடமும் சொல்லவில்லை.

"உங்கள் பையில் என்ன செத்துக் கிடக்கிறது?"
என்றாள் முன்சீட்டுப் பயணி.
வீட்டுப்பாடம் என்றேன்.

நவம்பர் நடுவில்
பக்கத்து வீட்டு ஒனோஃப்ரேயின் மகன்
சந்தில் நிஜ வெடி ஒன்றைக் கொளுத்தினான்.
ஐந்து வாரம்
ஒரு நொடியில் கரியானது.
கட்டிலடியில் இரண்டு கண்கள்,
கூப்பிட்டால் இன்னும் உள்ளே போகும் கண்கள்.
கத்தப் போனேன் ஒனோஃப்ரேயின் வாசலுக்கு.
அவர் மகன் என்னைவிட அதிகம் நடுங்கினான்.
திரும்பி வந்து
கட்டிலருகே தரையில் படுத்தேன்.
மறுபடி எறும்பு.
மறுபடி தும்மல்.

டிசம்பர் முப்பத்தொன்று.
திரைச்சீலை மூடி,
துணி இல்லாத சலவை இயந்திரத்தைச் சுற்றவிட்டு,
ஈரலை நறுக்கி வைத்துக் காத்திருந்தேன்.
நடுங்கத்தான் செய்தான்.
எச்சில் ஒழுகியது.
பத்தாவது வெடிக்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை.
ஆனால்
கம்பளத்தை விட்டு இறங்கவில்லை.
கதவு முழுசாய் இருக்கிறது.
புது வருடத்துக்கு எனக்கு அது போதும்.

பிப்ரவரியில், விடியலுக்குச் சற்று முன்,
பூமி உறுமியது.
இந்த நாட்டில் பிறந்தவளுக்கு அது புதிதல்ல,
என்றாலும் மேசைக்கடியில் ஓடிப் பதுங்கினேன்.
அலமாரி திறந்துகொண்டது.
தட்டுகள் ஒவ்வொன்றாய்
இறங்கி உடைந்தன.

தீசோனைத் தேடினேன்.
நீலக் கம்பளத்தில்
முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.
ஒரு தட்டு விழும்,
என் கையைப் பார்ப்பான்.
இன்னொன்று விழும்,
என் கையைப் பார்ப்பான்.
மடிந்த காதுகூட
லேசாய் எழுந்திருந்தது.

குளிர்பெட்டி மூன்றடி தூரம்.
என் கால்தான் வரவில்லை.

மொத்தம் பதினேழு தட்டு.
பதினேழு துண்டு பாக்கி.