கையை எடுத்துடுங்க

ஐந்தேகால். பள்ளத்தூர் ஊருணிக் கரை.
வெயில் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.
முக்கால் மணி நேரத்தில் மஞ்சளாகும்.
அதற்குள் எட்டு மாதத்துக்காரன் தூங்கிவிடக் கூடாது,
இரண்டரை வயதுக்காரி அழத் தொடங்கக் கூடாது.
இந்தத் தொழிலில் நான் கும்பிடுவது இவ்வளவுதான்.

பெரிய வீட்டு வாசலில் எடுப்பதாகத்தான் பேச்சு.
பதினோரு பங்கு வீடு.
இந்த வருஷம் சாவி யாரிடம் என்று
சொக்கலிங்கம் மூன்று பேரைப் போனில் கேட்டார்.
மூன்றாமவர் கோயம்புத்தூரில் இருந்தார், சாவியும்.
ஆகவே ஊருணி.
செம்புராங்கல் படி, பாதித் தண்ணீர்,
எதிர்க்கரையில் யாருடையவோ நான்கு ஆடுகள்.

நால்வருக்கும் ஒரே பச்சையில் எடுத்திருக்கிறார்கள்.
எனக்குப் பச்சை ஆகாது. குழந்தையின் கன்னத்தில் ஏறிவிடும்.
சொல்லவில்லை. அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

தெய்வானை பாவாடையை இடுப்புவரை சுருட்டிக்கொண்டு
சரளை பொறுக்கப் போனாள்.
இங்கே பாரு, அத்தையைப் பாரு, காக்கா பாரு.
காக்காயைப் பார்த்தாள்.
ஆரோக்கியம் ரிஃப்ளெக்டரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான்.
அப்பா மட்டும் சிரித்தார்.
அவர் கண் மூடிய படங்கள் பதினான்கு.

லென்ஸில் கிலுகிலுப்பை கட்டியிருக்கிறேன்.
சாவிக்கொத்து, பிஸ்கட் உறையின் சரசரப்பு, கடைசியாகப் பூனைக்குரல்.
மூன்று வருஷம் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தேன்,
பரீட்சையில் ஒருவரும் பூனைக்குரல் கேட்கவில்லை.

சோலைக்கு உட்காரத் தெரியும், நான்கு வினாடிக்கு.
ஐந்தாவதில் அரிசி மூட்டைபோல் சாய்வான்.
படத்துக்கு வெளியே குந்திக்கொண்டு
உமையாள் கையை மட்டும் உள்ளே நீட்டினாள்.
வளையலை முன்பே கழற்றி
அவர் சட்டைப் பையில் போட்டிருந்தாள்.
“கையைப் பின்னாடி எடுத்துடுங்க. எடுத்துட முடியும்ல?”
முடியும் என்றேன்.
எல்லாரிடமும் சொல்கிற முடியும்.

மஞ்சள் வந்தது.
படியேறி வந்து சோலையின் காதுக்குள் நுழைந்து
இந்தப் பக்கம் சிவப்பாக வெளியே வந்தது.
தெய்வானை அதுவரை பொறுக்கிய சரளையெல்லாம்
அவன் மடியில் கொட்டினாள், கூலி கொடுப்பதுபோல.
அவன் குனிந்து பார்த்தான்.
அவள் அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.
பூனையாக இருந்த நான் வாயை மூடிக்கொண்டு அழுத்தினேன்.
அடுத்த நொடி ஒரு கல் அவன் வாயில்,
அதற்கடுத்த நொடி உமையாளின் விரலும்.
அதோடு முடிந்தது. இரண்டும் அழுதன. ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

இரவு பதினொன்று. காரைக்குடி, செக்காலை ரோடு, மாடியறை.
கையை எடுக்கிறேன்.
மணிக்கட்டில் தொடங்க வேண்டும்.
பக்கத்துப் படியிலிருந்து கொஞ்சம் கல்லை எடுத்து
அவள் தோல்மேல் பூச வேண்டும்.
சுண்டுவிரலருகே எண்ணெய் தெறித்த தழும்பு.
அதன்மேலும் கல்.
பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது:
கை அவனைத் தொடவே இல்லை.
முதுகுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு விரற்கடை வெளிச்சம்.
ஐந்து விரலும் விரிந்து, சாய்ந்தால் பிடிக்க,
சாயாதவனுக்குப் பின்னால் நின்றிருக்கிறது.

எடுத்துவிட்டேன்.
அவன் உட்கார்ந்திருக்கிறான்,
ஊருணி தன் பங்குக்கு வந்ததுபோல.

பிறகுதான் கீழே பார்த்தேன்.
படிகளில் மடிந்து மடிந்து இறங்கும் நிழலில்
அவனுடையதை ஒட்டி அந்தக் கை,
நிஜத்தைவிட மூன்று மடங்கு நீளமாய்.

அதற்கும் இதே கருவிதான். இரண்டு நிமிஷ வேலை.
டீ ஆறிவிட்டது.
சேமித்தேன், மூடினேன்.
காலையில் உமையாள் கேட்டால்
விட்டுப்போச்சுங்க என்று சொல்லிக்கொள்ளலாம்.