காரணம்: சாவி தொலைந்தது

அல் கூஸில், குளிர்பதன லாரிகள் உறுமும் முற்றத்துக்கு மேலே
என் மேசை.
கம்பெனியின் பங்கேடு நெடுங்காலம்
எனக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் கிடந்தது:
நீல அட்டை, தேநீர்க் கறை,
மூன்று மேலாளர்களின் கையெழுத்து.
போன ரமலானுக்குப் பிறகு அது எங்கேயும் இல்லை.
எல்லா இடத்திலும் இருக்கிறது.
"இனி யாராலும் இதில் ஒரு வரியை அழிக்க முடியாது" என்றான்
பிளாக்செயின் விளக்க வந்த பையன்.
கைதட்டினோம். பேரீச்சம்பழம் கொடுத்தார்கள்.

மூன்று மாதச் சம்பளப் பாக்கி
அன்றைக்கு ஷேர் ஆகிவிட்டது.
ஓட்டுநர் லிகோரிக்கு முந்நூற்று நாற்பது.
ஃபோனை என் முன்னால் நீட்டினார்.
"கெடாம இருக்க இத எத்தன டிகிரில வைக்கணும் சிஸ்டர்?"
சிரித்தபடி, பன்னிரண்டு ரகசியச் சொற்களை
எழுதி வைக்கச் சொன்னேன்.
யாரிடமும் காட்ட வேண்டாம் என்றும் சொன்னேன்.
சொன்னபடியே செய்திருக்கிறார்.

நவம்பர். உம் அல் குவைன் சாலை. மூடுபனி.

டேஷ்போர்டில் தேடினோம்.
சோனாப்பூர் அறையில், கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியில்,
பைபிளின் ஓரங்களில்,
லுலு ரசீதுகளின் முதுகில்.
அறைத்தோழன் தலையணை உறையைக் கிழித்தே பார்த்தான்.
பஞ்சு.

முந்நூற்று நாற்பதும் அங்கேயே நின்றன,
கண்ணாடிக்குப் பின்னால் மீன் மாதிரி.
யாரும் பார்க்கலாம்.
ஞாயிறு இரவு விலை ஏறியது,
அவற்றுக்கும் சேர்த்துத்தான் ஏறியது.

எங்களுக்கென்று ஒரு பின்கதவு உண்டு.
பையன் அதைக் கைதட்டலுக்கு முன் சொல்லவில்லை.
மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தால்
பழைய பங்கை எரிக்கலாம்,
அதே எண்ணிக்கையை வேறு பெயருக்கு அச்சிடலாம்.
ஒன்று என்னுடையது.
கூரி சாரின் சாவி அவரோடு பெய்ரூட்டுக்குப் போயிருந்தது.
அபுதாபி வக்கீலம்மா கேட்டார்:
மரணச் சான்று, வாரிசுச் சான்று,
இரண்டுக்கும் அரபி மொழிபெயர்ப்பு, முத்திரை.
இடிந்தகரையில் பிரகாசிக்கு
ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர்.
இரண்டும் ஒரே பெண்தான் என்று
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நிரூபித்து முடிக்க
பதினொரு வாரம் ஆனது.

கடைசியில் திரையில் ஒரு பட்டியல் விரிந்தது.
எரிப்புக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.
நீதிமன்ற உத்தரவு.
மோசடி.
தவறான வழங்கல்.
சாவி தொலைந்தது.
மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன்.
இறந்தார் என்று ஒரு வரி இல்லை.

சாவி தொலைந்தது என்று அழுத்தினேன்.

கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி மந்திரித்து
மண்ணுக்குள் வைத்த மனிதரை
அல் கூஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து நான் எரித்தேன்.
புகை இல்லை. பச்சையாய் ஒரு டிக்.
அடுத்த வரியில்
முந்நூற்று நாற்பது, பிரகாசிக்கு.
இரண்டு வரியும் இனி அழியாது.

இணைப்பை அனுப்பினேன். மகனின் ஃபோனில் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.
"பத்து பன்னெண்டுன்னு போட்டிருக்கே.
இங்க நாலு ஆவப் போவுது. அங்க பத்து மணியா?"
இங்கே இரண்டேகால் என்றேன்.
"அப்ப இது எந்த ஊரு நேரம்?"
எந்த ஊருமில்லை என்று சொல்ல வந்தவள்
லண்டன் பக்கம் என்றேன்.
"அவிய அங்கன போனதே இல்லியே."

கொஞ்ச நேரம் கடல் இரைச்சலா, லைன் இரைச்சலா தெரியவில்லை.
பிறகு:
"நூறு வித்துருங்க. பய ஃபீஸு கெட்டணும்.
மிச்சம் கெடக்கட்டும்."

நான்கு விநாடியில் விற்றது.
வாங்கியது ஒரு நீளமான எண்.
உலகத்துக்கு அது வெறும் எண்;
அதன் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து உள்ளே விட்டவள் நான்தான்.
ஷார்ஜாவில் பல் வைத்தியர்.
எங்கள் லாரி எதையும் அவர் பார்த்திருக்க மாட்டார்,
சாலையில் முந்திப் போயிருந்தால் தவிர.