போக்தானின் சேவல்

உனித்சா ஆற்றில் அந்தி.
ட்ரவுட் மேலெழுந்து எதையோ உறிஞ்சுகிறது,
குருணை அளவு, சாம்பல் நிறம்.

பெட்டியில் நாற்பது தூண்டில் ஈக்கள்.
பனிக்காலம் முழுக்க நான் கட்டியவை:
முயல்காது மயிர், தாமிரக் கம்பி, பழுப்புப் பட்டுநூல்.
முப்பத்தொன்பது பெரிசு.

மிச்சமிருக்கும் ஒன்றின் முள்காதில்
நரம்பு நுழைய மாட்டேன் என்கிறது.
கண்ணாடி காரில்.

எதிர்க்கரையில் போக்தான்.
வேலித் தகராறுக்குப் பிறகு பேச்சில்லை.
"கோத்துத் தர்றியா?"

இடுப்பளவு நீரைக் கடந்து வந்தான்.
எச்சில் தொட்டு நுழைத்து, முடிச்சை இறுக்கி,
நுனியைப் பல்லால் கடித்தான்.
பிறகு ஈயை வெளிச்சத்தில் தூக்கி
சுற்றியிருந்த இறகைப் பார்த்தான்,
நீலச்சாம்பல், ஓரத்தில் பொன்.

"ஈஸ்டரப்ப என் சேவல்
கழுத்து மொட்டையாத் திரிஞ்சுது."

நான் ஆற்றைப் பார்த்தேன்.
ட்ரவுட் இன்னொரு முறை வாய் திறந்தது.

"வீசு," என்றான். "இருட்டுது."